அதே படம் என்று எழுதலாமா?

சென்ற வாரம் உங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தபோது புதிதாகச் சேர்ந்தவர்கள் சிலர் என்னைச் சுற்றி நின்று ஒரு கேள்வி கேட்டீர்கள். பழைய படத்தை எடுத்து, கீறல்களைத் துடைத்து, ஒலியைச் சுத்தம் செய்து, வேண்டிய இடத்தில் புதிய கிராபிக்ஸ் சேர்த்து மறுபடியும் திரையரங்குக்குக் கொண்டுவருகிறோமே, இந்த வேலைக்குத் தமிழில் என்ன பெயர் என்பதுதான் கேள்வி. போஸ்டரில் போடுவதற்கு ஒரு சொல் கேட்டீர்கள். நான் தேநீரைக் குடித்துவிட்டு, பிறகு சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். பதில் தெரியாமல் போகவில்லை. அந்தப் பதில் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஏற்காட்டில் கிடைத்தது. அந்தக் காலையைச் சொல்லாமல் சொல்லை மட்டும் கொடுத்தால் அது உங்கள் கையில் நிற்காது.

நான் பட விளம்பரப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பழைய படங்கள் ஊர் ஊராகத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தன. போஸ்டரின் மூலையில் 'புத்தம் புதிய காப்பி' என்று போடுவோம். எவ்வளவு நேர்மையான வாசகம் அது என்று அப்போது எனக்குத் தோன்றியதில்லை. படம் பழையது, சுருள் புதியது. பார்க்க வருகிறவருக்கு அது தெரியும். கணினி வந்தபின் சொற்கள் பெருகின. புதுப்பொலிவுடன் என்றோம், மெருகேற்றி என்றோம், டிஜிட்டலில் என்றோம். இவற்றில் பாதியை எழுதியவள் நான்தான். ஒரு கீறலைத் துடைப்பதையும் ஒரு மலையையே மாற்றி வைப்பதையும் ஒரே சொல்லுக்குள் போட்டு மூடினோம். அந்தச் சொல்லால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. 'பனி இறங்கும் பாதை' வரும்வரை.

நாற்பது வருடங்களுக்கு முன்பு ஏற்காட்டில் எடுத்த படம் அது. அடிவாரத்திலிருந்து மலையேறும் பஸ் ஒன்று வளைவில் தடுமாறிப் பள்ளத்தில் விழுகிறது. மலைக்காரர்கள் கயிறு போட்டுக் கதாநாயகியை மேலே இழுக்கிறார்கள். அதுதான் உச்சக்காட்சி. பஸ் விழுவதை உள்ளபடி எடுக்க வசதி இல்லாததால், சின்னதாக ஒரு பஸ்ஸைச் செய்து மண்மேட்டில் உருட்டிவிட்டுப் படம்பிடித்திருந்தார்கள். அது பொம்மை என்று திரையரங்கின் கடைசி வரிசையில் இருந்தவருக்கும் தெரிந்தது. படம் வெளியான அன்று சேலத்தில், அந்த இடத்தில் சிரிப்பும் விசிலும் கிளம்பின. பின்னால் நின்று ஜனங்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தயாரிப்பாளர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். அதன்பிறகு சாகும்வரை தன் படத்தை அவர் பார்க்கவில்லை.

இதை எனக்குச் சொன்னவர் அவருடைய மகன் பிரபாகர். ஐம்பதை நெருங்குகிறவர். சொந்தத் தொழில் வேறு. சினிமாவில் ஆசை கிடையாது. பள்ளிக்கூடத்தில் பையன்கள் தன்னை 'பொம்மை பஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள் என்று சொன்னார். அப்பா பெயரை அந்தச் சிரிப்பிலிருந்து மீட்க வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். அதற்காகவே நெகட்டிவைத் தேடிப் பிடித்து, ஸ்டூடியோவில் கொடுத்து, கிராபிக்ஸ் பொறுப்பாளர் நவீனிடம் மன்றாடிக் கேட்டு ஒரு புது பஸ்ஸை உருவாக்க வைத்தார். நவீன் உங்களுக்கெல்லாம் தெரிந்தவன்தான். கைவேலையில் கெட்டிக்காரன். பஸ்ஸோடு நிற்கவில்லை அவன். வெயிலில் எடுத்த காட்சிக்குள் மழையைக் கொண்டுவந்தான். பள்ளத்தை ஆழமாக்கினான். மரங்களுக்கு நடுவே மேகத்தை இறக்கினான். முதல்முறை பார்த்தபோது நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

போஸ்டர் வாசகம் மட்டும்தான் தகராறு. பிரபாகர் 'அன்று பார்த்த அதே படம்' என்று எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

அதே படம் இல்லையே என்றேன். பஸ் வேறு, பள்ளம் வேறு, மழையே புதிது.

"அப்பா மனசுல இருந்த படம் இதுதான்க்கா. அவரால எடுக்க முடியாமப் போச்சு. அதனால இதுதான் அதே படம்" என்றார்.

அந்தப் பேச்சில் இருந்த பாசத்துக்கு எதிராக என்னிடம் வாதம் இல்லை. புத்தகங்களில் போடுகிற மாதிரி 'திருத்திய பதிப்பு' என்று போடலாமே என்று பார்த்தேன். பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது என்று சிரித்துவிட்டார். படம் அவருடையது. அவர் வாசகமே அச்சுக்குப் போனது.

வெளியீட்டுக்கு முன்பு, படம் எடுத்த ஊரிலேயே ஒரு முறை போட்டுக்காட்ட வேண்டும் என்று பிரபாகர் ஆசைப்பட்டார். ஏற்காட்டில் ஒரு சமுதாயக் கூடத்தை எடுத்து, ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, பெரிய திரையும் வாடகைக் கருவிகளும் ஏற்றிக்கொண்டு போனோம். காப்பிப் பழம் பறிக்கும் காலம். இருந்தும் கூட்டம் வந்தது. ஏரிக்கரைப் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் உஸ்மான் பாயிடம் தேநீர் சொல்லியிருந்தோம். பெரிய பாத்திரங்களோடு அவரும் வந்து கதவோரம் நின்றுகொண்டார். பக்கத்து ஊரான கரடியூரிலிருந்து மட்டும் ஜீப்புகளில் நெருக்கியடித்து வந்து மூன்று வரிசைகளை நிரப்பியிருந்தார்கள். அவர்கள் நடுவில், மடிப்புக் கலையாத வேட்டி சட்டையில் ஒரு பெரியவர். கல்யாண வீட்டில் பெண்ணின் தகப்பனார் உட்காருவாரே, அப்படி உட்கார்ந்திருந்தார். யார் என்று எனக்குத் தெரியாது.

படம் ஓடியது. பஸ் விழுந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் "ஐயோ சாமி" என்று வாயைப் பொத்திக்கொண்டது கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பிரபாகர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு நொடிக்காகத்தான் அவர் இத்தனையும் செய்தார். அடுத்து கயிறு இழுக்கும் காட்சி வந்தது. மழையில் ஆட்கள் வரிசையாக நின்று இழுக்கிறார்கள். கூடம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, கரடியூர்க்காரர்கள் இருந்த மூன்று வரிசைகளிலும் தலைகள் திரையை விட்டுவிட்டுத் திரும்பின. எல்லாத் தலைகளும் அந்தப் பெரியவரைப் பார்த்தன. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்து துணிகளை விலக்கியதும் கைதட்டல். ஜனங்கள் தேநீருக்கு வெளியே போனார்கள். போகிற போக்கில் ஓர் ஆள் அந்தப் பெரியவரிடம் குனிந்து, "மாமா, கயிறு இருந்துச்சு, உங்களைத்தான் காணோம்" என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அதில் விஷம் ஒன்றும் இல்லை, சொந்தக்காரர்களின் கேலிதான். பெரியவரும் சிரிக்க முயன்றார். எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த வயதான பெண், அவருடைய மனைவி போலும், அவர் தோள்துண்டை எடுத்து மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

உஸ்மான் பாய்தான் என்னிடம் வந்து சொன்னார். அந்தப் பெரியவர் பெயர் அண்ணாமலை. கரடியூரில் காப்பித் தோட்டம். ஆனால் அண்ணாமலை என்று தனியாகச் சொன்னால் மலையில் யாருக்கும் தெரியாது, கயித்துக்கார அண்ணாமலை என்று சொல்ல வேண்டும். இளவயதில் இந்தப் படத்தில் கயிறு இழுத்தவர். கயிற்றின் முதல் ஆளாக நின்றாராம். நாற்பது வருடமாக அந்தக் கதையைச் சொல்லி வருகிறார். டீக்கடையில், பஸ்ஸில், சந்தையில், பெண் பார்க்கப் போன வீட்டில்கூட. டிவியில் இந்தப் படத்தை யாரும் போட்டதில்லை, அதனால் ஊரில் இளையவர்கள் யாரும் பார்த்ததில்லை. இன்றைக்குக் காட்டுகிறேன் வாருங்கள் என்று அவரே ஜீப் பேசி எல்லோரையும் கூட்டிவந்திருக்கிறார்.

"நான் அந்தக் கதையை அத்தனை வாட்டி கேட்டிருக்கேம்மா. இனி அவர் கடைப்பக்கம் வருவாரோ மாட்டாரோ" என்றார் உஸ்மான் பாய்.

நான் நவீனிடம் போனேன். கயிறு காட்சியில் யாரையாவது எடுத்தாயா என்று கேட்டேன். அவன் யோசிக்கவே இல்லை. ஓரத்தில் ஒரு ஆள் நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றான், அது பிழையாச்சே, அதனால் துடைத்துவிட்டோம் என்றான். எந்தத் திரைக்கலைஞனும் அதைப் பிழை என்றுதான் சொல்வான். நவீனை நான் குறை சொல்லவில்லை. நீங்கள் யாராக இருந்தாலும் துடைத்திருப்பீர்கள்.

பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, தொழில்முறையில் எனக்குப் பழகிப்போன மொழியில் பேச ஆரம்பித்தேன். படத்தைக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம் ஐயா, அப்படித் திருத்தும்போது உங்கள் காட்சி போய்விட்டது என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை.

"திருத்தறதுன்னா தப்பைத்தானுங்க திருத்துவாங்க. அப்ப நான் தப்புங்களா, அம்மிணி?"

அவரே தொடர்ந்தார். கதவுக்கு வெளியே ஒட்டியிருந்த போஸ்டரைக் கையால் காட்டினார்.

"அதே படம்னு நீங்களே எழுதி ஒட்டியிருக்கறீங்க. படம் அதேன்னா, பொய் சொன்னது நான்தானுங்களே. அதைத்தான் எல்லாரும் நினைப்பாங்க. எனக்கே இப்ப அப்படித்தான் தோணுது."

இதை நீங்கள் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். அவரை நாம் படத்திலிருந்து எடுத்ததால் மட்டும் அவர் பொய்யராகவில்லை. எடுத்துவிட்டு அதே படம் என்று சொன்னோமே, அதனால் ஆனார். நான் பிரபாகரோடு மல்லுக்கட்டியது அழகான வாசகம் எது என்று. அது ஒரு மனிதனின் பேச்சுக்கு ஊரில் இருக்கிற மதிப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

மேடைக்குப் பின்னால் நாற்காலிகள் அடுக்கிவைக்கும் சிறிய அறை ஒன்று இருந்தது. பிரபாகரையும் நவீனையும் அங்கே கூப்பிட்டேன். மாற்றம் செய்யாத பழைய பிரதி நவீனின் மடிக்கணினியில் அப்படியே இருந்தது. கூட்டம் கலைவதற்குள் அந்த உச்சக்காட்சியைப் பழைய பிரதியில் போட்டுக் காட்டிவிடலாம், ஒரு மனிதரின் மானம் மீளும் என்றேன்.

பிரபாகர் முகம் மாறியது. வெளியே பத்திரிகைக்காரர்கள் இருக்கிறார்கள், எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, பொம்மை பஸ் இன்று மதியத்துக்குள் ஊரெல்லாம் சுற்றிவிடும் என்றார். குரல் உயரவில்லை, ஆனால் உடைந்திருந்தது.

"அவருக்கு மானம் இருக்குதுக்கா, சரி. எங்கப்பாவுக்கு இல்லையா? மறுபடி நிக்கவெச்சு எல்லாரும் சிரிக்கணுமா?"

இரண்டு பேரும் சரி. அதுதான் சங்கடம். இப்படிப்பட்ட நேரத்தில் மனம் யாராவது ஒருவரைக் கெட்டவராக்கிக்கொள்ளத் துடிக்கும். அப்படி ஒருவர் கிடைத்துவிட்டால் முடிவு சுலபம். பிரபாகரைப் பணத்தாசை பிடித்தவர் என்றோ, அண்ணாமலையை வாய்ப்பேச்சுக்காரர் என்றோ நினைத்துக்கொண்டிருந்தால் அன்றைக்கு நான் தவறாகத்தான் நடந்திருப்பேன்.

முதலில் அந்தக் காட்சியை நாமாவது பார்ப்போம் என்றேன். நவீன் மடிக்கணினியைத் திறந்து ஓடவிட்டான். வறண்ட வெயில். ஆட்கள் வரிசையாக நின்று கயிற்றை இழுக்கிறார்கள். முதல் ஆள் வேறு யாரோ. காட்சியின் வலது ஓரத்தில் ஒல்லியாக ஒரு இளைஞன். கயிற்றின் பக்கத்தில் நிற்கிறான், அவ்வளவுதான். கயிறு அவன் கையில் இல்லை. தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, போட்டோ எடுக்கப்போகிறார்கள் என்பதுபோல் நேராக நம்மைப் பார்க்கிறான். லேசாகச் சிரிக்கிறான்.

பழைய பிரதியைக் காட்டினால் அவர் படத்தில் இருந்தது உண்மையாகும். இழுத்தேன் என்று சொன்னது பொய்யாகும். காட்டாவிட்டால் இரண்டுமே பொய்யாகும். வெளியே தேநீர்க் கோப்பைகளைத் திரும்ப அடுக்கும் சத்தம் கேட்டது. ஜீப் டிரைவர்கள் ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில் என்ன முடிவெடுத்தேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நான் முடிவெடுக்கவில்லை. அது என்னுடைய முடிவு இல்லை என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. போய் அண்ணாமலையையும் அவர் மனைவியையும் அந்த அறைக்கு அழைத்துவந்தேன்.

மனைவியின் பெயர் குப்பாயி. இருவரையும் நாற்காலிகளில் உட்காரவைத்து, கண்ணாடியை மாட்டிக்கொள்ளச் சொல்லி நவீன் காட்சியை ஓட்டினான். அண்ணாமலை குனிந்து பார்த்தார். முடிந்ததும், இன்னொரு வாட்டி போடுங்க கண்ணு என்றார். போட்டான். மூன்றாவது முறையும் கேட்டார்.

"நான் கயித்தைத் தொடவேயில்லீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். யாரையும் குறிப்பிட்டுக் கேட்கவில்லை.

அவர் ஏமாற்றியிருந்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கயிறு எந்தக் காலத்தில் அவர் கைக்கு வந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது. சொல்லச் சொல்ல வந்திருக்கும். நாற்பது வருடமாக உள்ளங்கையில் அதன் முறுக்கை உணர்ந்திருப்பார்.

குப்பாயி அம்மாள் திரையில் நின்ற இளைஞனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். "கேமராவைப் பாத்துக்கிட்டு நிக்கறதைப் பாருங்க. பொண்ணு பாக்க வந்தப்பவும் இதே மூஞ்சிதானுங்க" என்றாள்.

நான் நிலைமையைச் சொன்னேன். இதை வெளியே காட்டலாம், காட்டாமலும் இருக்கலாம், நீங்கள் சொல்கிறபடி என்றேன். காட்டாவிட்டால், படத்தில் நீங்கள் இருந்தீர்கள், நாங்கள்தான் எடுத்துவிட்டோம் என்று மேடையில் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

அவர் கொஞ்சநேரம் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்தனுங்களே. அது நெசந்தானுங்களே. காட்டிப்போடுங்க."

சிரிப்பார்கள் என்றேன்.

"சிரிக்கட்டுமுங்க. இல்லாத ஆளைப் பாத்துச் சிரிக்கறதுக்கு, இருக்கற ஆளைப் பாத்துச் சிரிக்கலாமுங்க."

சொல்லிவிட்டு எழுந்து, யாரும் கூப்பிடாமலே மேடைக்குப் போனார். கலைந்துகொண்டிருந்த கூட்டத்தை உஸ்மான் பாய் கையைக் காட்டி உள்ளே திருப்பினார். அண்ணாமலை மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு, பழைய படத்துல நான் இருக்கறனுங்க, ஆனா நான் சொன்ன மாதிரி இல்லீங்க, நீங்களே பாருங்க என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி, முன்வரிசையில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான் நவீனிடம், கயிறு காட்சியிலிருந்து ஆரம்பி, பஸ் வர வேண்டாம் என்றேன். அவன் தலையாட்டினான். அப்போது பிரபாகர் என் முழங்கையைத் தொட்டார். அவர் கண்கள் அந்தப் பெரியவரின் முதுகிலேயே இருந்தன.

"பஸ்ஸுலேர்ந்தே போடுங்கக்கா" என்றார்.

நிச்சயமாகவா என்று கேட்டேன். அவர் கூடத்தின் கடைசிக்குப் போய்க் கதவருகே நின்றுகொண்டார். ஒரு கை கதவின் தாழ்ப்பாளில் இருந்தது.

பொம்மை பஸ் உருண்டது. கூடம் சிரித்தது. அடக்கிய சிரிப்பு இல்லை, வாய்விட்ட சிரிப்பு. யாரோ விசிலடித்தார்கள். நான் பிரபாகரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தாழ்ப்பாளில் இருந்த கை அசையவில்லை. சிரிப்பு ஓய்ந்தது. பள்ளத்திலிருந்து கதாநாயகியின் குரல் கேட்டது. ஆட்கள் கயிற்றோடு ஓடிவந்தார்கள். சிரித்த அதே ஜனங்கள் முன்னால் குனிந்து உட்கார்ந்தார்கள். கயிறு நழுவும் இடத்தில் ஒரு குழந்தை அழுதது. அண்ணாமலை ஓரத்தில் தெரிந்ததும் மூன்று வரிசைகளும் ஒரே சத்தம். "மாமா, கேமராவை இழுத்துப்போட்டீங்க" என்று ஒருவன் கத்தினான். அண்ணாமலையும் சிரித்தார். இந்த முறை முயன்று சிரிக்கவில்லை.

எல்லாம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது பிரபாகர் என்னிடம் வந்தார்.

"அப்பா அன்னைக்கு இன்னும் கொஞ்சம் நின்னிருக்கலாம்க்கா. சிரிச்சு முடிச்சப்புறம் ஜனங்க படத்தைப் பாத்திருக்காங்க. அது அவருக்குத் தெரியாமலே போச்சு."

அதன்பிறகு வாசகத்தைப் பற்றி எங்களுக்குள் வாக்குவாதமே வரவில்லை. திருத்திய பதிப்பு என்பதை நானே கைவிட்டேன். அந்தச் சொல் முன்னது தப்பு என்கிறது. புதுப்பொலிவு என்பதையும் விட்டேன். அது எதையும் சொல்வதில்லை, அதனால்தான் எல்லோருக்கும் பிடிக்கிறது. 'மாற்றிய பதிப்பு' என்று வைத்தோம். அதற்குக் கீழே, மூலப் படத்தின் சில காட்சிகள் இதில் மாற்றப்பட்டுள்ளன, மூலப் படமும் தனியே பாதுகாக்கப்படுகிறது என்று ஒரு வரி. அச்சடித்துவிட்ட போஸ்டர்களில் 'அதே படம்' இருந்த இடத்தில் தாள் ஒட்டி மறைத்தோம். விநியோகஸ்தர் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். மாற்றியது என்று சொன்னால் யார் வருவார்கள், மருந்து பாட்டிலில் எச்சரிக்கை எழுதுகிற மாதிரி இருக்கிறதே என்றார். படம் சுமாராக ஓடியது. அதே படம் என்று போட்டிருந்தால் நன்றாக ஓடியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. கீறலைத் துடைத்தால் சீரமைப்பு என்று எழுதுங்கள். அப்படியே திரும்ப ஓட்டினால் மறுவெளியீடு. படத்துக்குள் கைவைத்தால் மாற்றிய பதிப்பு என்று எழுதுங்கள். இதைவிட நல்ல சொல் உங்களுக்குக் கிடைத்தால் அதை வையுங்கள், சந்தோஷம். ஆனால் சொல்லை எழுதும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சொல்லை நம்பினால் யார் பொய்யராவார்?

நவீன் செய்ததையும் சொல்ல வேண்டும். வெளியீட்டுக்கு இன்னும் நாள் இருந்தது. அண்ணாமலையைத் திரும்பப் படத்துக்குள் வைத்துவிடுகிறேன் என்று அவனாகவே சொன்னான். வைத்துப் பார்த்தால் ஒரு சிக்கல். சுற்றி அத்தனை பேரும் நவீனின் மழையில் தொப்பலாக நனைந்திருக்க, இவர் மட்டும் வெயிலில் காய்ந்துகொண்டு சிரிக்கிறார். அவரையும் நனைத்தாக வேண்டும். முன்பென்றால் கேட்காமல் நனைத்திருப்பான். இப்போது உஸ்மான் பாயின் கடைக்குப் போன் போட்டு, அவரை அழைத்துவரச் சொல்லி, உங்களை மழையில் நனைக்கலாமா ஐயா என்று அனுமதி கேட்டான். நொம்ப சந்தோசமுங்க, சளி புடிக்காமப் பாத்துக்குங்க என்றாராம் அவர்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை ஏற்காட்டுக்குப் போயிருந்தேன். கரடியூரில் இருக்கும் மலைமுனையைப் பார்க்கலாம் என்று ஷேர் ஜீப்பில் ஏறினேன். பின் இருக்கைகளில் வெளியூர்க்காரர்கள் சிலர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். முன் இருக்கையில் டிரைவர் பக்கத்தில் அண்ணாமலை. என்னை அவர் கவனிக்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. ஏனென்றால் அவர் கதையை ஆரம்பித்திருந்தார்.

"மொதல்லயே சொல்லிப்போடறனுங்க. இது நான் மாத்திச் சொல்றது. படத்துல வேற மாதிரி இருக்குமுங்க. சம்மதமுன்னா சொல்றேன்."

சொல்லுங்க தாத்தா என்றார்கள் பின்னால் இருந்தவர்கள். அவர் இருக்கையில் திரும்பி உட்கார்ந்துகொண்டு, பஸ் வளைவில் தடுமாறியதைச் சொன்னார். கீழே இருந்து அந்தப் பெண் கூப்பிட்ட குரலைச் சொன்னார். கயிற்றின் முதல் நுனி தன் கைக்கு வந்ததைச் சொல்லும்போது இரண்டு கைகளையும் இறுக்கிக் காட்டினார். ஒருவரும் போனைப் பார்க்கவில்லை. ஜீப் ஒரு வளைவில் திரும்பியது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"கயிறு வழுக்குதுங்க. புடிக்கவே முடியலீங்க. ஏன்னா, அன்னைக்குப் பாத்து நல்ல மழை."

அந்த மழையை எனக்குத் தெரியும். அது நவீன் பெய்வித்தது.